இரண்டு அங்குலம், மூன்று அங்குலம், பன்னிரண்டு அங்குலம்: வீட்டில் கட்டிய ஒரு விமானத்தின் பதிவெண் பட்ட பாடு

பின்னணி

இது அமெரிக்காவில், புளோரிடாவின் கிழக்குக் கரையை ஒட்டிய ஒரு சிறிய விமானதளத்தில், 2020-களின் தொடக்கத்தில் நடந்தது. விமானத்தைக் கட்டியவர் என் நண்பர், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபதுக்கு மேல். ஆர்வி-7 என்ற கிட்டை (வாங்கி நாமே பூட்டும் பாகத் தொகுப்பு) வாங்கி, முதலில் வீட்டு கராஜிலும் பிறகு ஹேங்கரிலும் (விமானக் கொட்டகை) வைத்து எட்டு ஆண்டுகள் கட்டினார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அலுமினிய விமானம் அது. நான் அடுத்த ஹேங்கர்க்காரன். ரிவெட் அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

பெயிண்ட் அடிக்கப் போவதில்லை என்று அவர் முதலிலேயே முடிவு செய்துவிட்டார். உடல் முழுவதையும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவது அவர் ஆசை. பெயிண்டின் எடை மிச்சம், பழைய காலத்து அழகும் கிடைக்கும். பதிவெண் பற்றி அந்த எட்டு ஆண்டுகளில் நாங்கள் பேசியது மொத்தமே பத்து நிமிடம் இருக்கும். எண்ணை முன்பதிவு செய்து, ஆண்டுக்கு 10 டாலர் கட்டி வைத்திருந்தார். 'என்' (N) என்ற எழுத்து, பிறகு மூன்று எண்கள், கடைசியில் இரண்டு எழுத்துகள். மூன்று எண்களில் நடுவில் 3, ஓர் ஓரத்தில் 1. முழு எண் இங்கே வேண்டாம்.

நம் ஊர் விமானங்களின் வாலருகே விடி (VT) என்று பார்த்திருப்போம். அமெரிக்க விமானங்களுக்கு அது 'என்'. 1926-ல் வந்த சட்டத்தின் கீழ் 1927-ல் அங்கே பதிவு முறை தொடங்கியது. அந்தக் காலத்தில் என்-க்குப் பக்கத்தில் இன்னோர் எழுத்தும் வரும்: வழக்கமான விமானத்துக்கு சி, சோதனை விமானத்துக்கு எக்ஸ். 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த விமானத்தில் என்எக்ஸ் 211 என்று எழுதியிருந்தது இதனால்தான். அந்த இரண்டாவது எழுத்தை 1940-களின் இறுதியில் பொதுவாக எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு சிறு வாசல் மட்டும் திறந்தே இருக்கிறது. எங்கள் சிக்கல் அந்த வாசலில்தான் தொடங்கியது.

ஆய்வு நாளில் தெரிந்தவை

வீட்டில் கட்டிய விமானம் பறக்க வேண்டுமானால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் (இனி எஃப்ஏஏ) தகுதிச் சான்று வேண்டும். அதை எஃப்ஏஏ அதிகாரி நேரில் வந்து தரலாம், அல்லது எஃப்ஏஏ நியமித்த தனியார் ஆய்வாளர் தரலாம். இங்கே வந்தவர் இரண்டாம் வகை, வயதான பெண்மணி. காகிதங்களை மேசையில் பரப்பி ஒரு மணி நேரம் படித்தார். கட்டிய பதிவேடு, புகைப்படங்கள், எடை அளந்த தாள் எல்லாம் சரி. வால் அருகே வெளிப்புறத்தில் ரிவெட் அடித்திருந்த துருப்பிடிக்காத எஃகு அடையாளத் தகடும் சரி. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்ததில் இரண்டு சின்னக் குறைகள். அங்கேயே சரிசெய்துவிட்டோம்.

அப்புறம் அவர் ஹேங்கர் கதவைத் திறக்கச் சொல்லி, விமானத்தை வெயிலுக்குத் தள்ளச் சொன்னார். முப்பது நாற்பது அடி தள்ளிப் போய் நின்று, "உங்கள் நம்பர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நானும் அவர் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாலிஷ் போட்ட வாலில் வானத்தின் நீலமும் மேகத்தின் வெள்ளையும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே எங்கோ இரண்டு அங்குல உயரத்தில் எழுத்துகள். நண்பர் தேர்ந்தெடுத்திருந்தது வெள்ளி நிற வினைல், அதைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு. ஹேங்கர் விளக்கில் நகைக்கடைப் பெயர்ப்பலகை மாதிரி அழகாக இருந்தது. வெயிலில் இல்லவே இல்லை.

ஆய்வாளர் சொன்ன குறைகள் மூன்று. எழுத்தின் நிறம் பின்னணியிலிருந்து தனித்துத் தெரியவில்லை, தெளிவாகப் படிக்கவும் முடியவில்லை. இந்த இரண்டையும் எஃப்ஏஏ விதித்தொகுப்பின் 45-ம் பகுதி, 45.21-ம் பிரிவு கேட்கிறது. அடுத்தது, எழுத்து நிறைகோட்டில் இல்லை. எழுத்துக் கோட்டின் தடிமன் அதன் உயரத்தில் ஆறில் ஒரு பங்காக, உள்ளே நிரம்பியதாக இருக்க வேண்டும். இங்கே கண்ணில் பட்டதெல்லாம் ஓரக்கோடு மட்டுமே, உள்ளே உலோக நிறம். மூன்றாவது, இந்த விமானத்துக்கு இரண்டு அங்குலமே செல்லாது.

சர்ச்சை மூன்றாவதில்தான். மற்ற இரண்டுக்கும் நண்பர் வாயே திறக்கவில்லை.

இரண்டு அங்குல ஆசை எங்கிருந்து வந்தது

எங்கள் வரிசையின் கடைசி ஹேங்கரில் ஒருவர் 1930-களின் இரட்டை இறக்கை விமானம் ஒன்றின் நகலை வைத்திருக்கிறார். அவருடைய வாலில் இரண்டு அங்குலத்தில் என்எக்ஸ் என்று தொடங்கும் எண். கதவருகே 'எக்ஸ்பெரிமென்டல்' (சோதனை விமானம்) என்ற சொல்லும் கிடையாது. நண்பர் அதைப் பார்த்து அப்படியே செய்தார். அவருக்குச் செல்லுபடியானது எனக்கு ஏன் செல்லாது என்பது அவர் கேள்வி.

45.22-ம் பிரிவுதான் நான் சொன்ன சிறு வாசல். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட சிறு விமானம், அல்லது அப்படி 30 ஆண்டு பழைய ஒரு விமானத்தின் அதே வெளித்தோற்றத்தோடு வீட்டில் கட்டியது, இரண்டு அங்குல எழுத்தோடு பறக்கலாம். விருப்பப்பட்டால் எக்ஸ் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எக்ஸ் சேர்த்தால் அதுவே 'சோதனை விமானம்' என்று சொல்லிவிடுவதால் கதவருகே தனிச் சொல் தேவைப்படாது. கடைசி ஹேங்கர் விமானம் இதில் கச்சிதமாக உட்காரும்.

நண்பரின் வாதமும் முட்டாள்தனமானது இல்லை. ஆர்வி-7-க்கு முன்னோடி ஆர்வி-6. அது 1980-களின் நடுவில் வந்தது, முப்பது ஆண்டு தாண்டிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் சாதாரண ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆக என்னுடையது ஆர்வி-6-ன் தோற்றம்தானே என்றார்.

ஆய்வாளர் ஒரே வரியில் பதில் சொன்னார்: விதி 'போல' என்று சொல்லவில்லை, 'அதே' என்று சொல்கிறது. ஆர்வி-6-ன் இறக்கை நுனிக்கு நுனி 23 அடி, ஆர்வி-7-ன் இறக்கை 25 அடி. ஆர்வி-7 முதலில் வந்தது 2001-ல். முப்பது ஆக இன்னும் காலம் இருக்கிறது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று சான்று கிடைக்கவில்லை. ஆய்வாளர் எதையும் நிராகரித்ததாக எழுதவில்லை. எழுத்தைச் சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள், வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

எடுத்த முடிவும் காரணமும்

மிஞ்சியது இரண்டு வழி. பொது விதிப்படி 12 அங்குல எழுத்து. இல்லையென்றால் வீட்டில் கட்டிய விமானங்களுக்கு 45.29-ம் பிரிவு தரும் சலுகைப்படி 3 அங்குலம். அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: விமானத்தின் அதிகபட்சப் பயண வேகம் 180 நாட் (மணிக்கு 180 கடல்மைல்) அளவைத் தாண்டக்கூடாது.

இந்த இடத்தில் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். விதி சொல்லும் 180 நாட் காற்றுவேகமானியிலிருந்து பிழை திருத்திப் பெறும் வேகம். விமானம் உண்மையில் காற்றைக் கிழித்துப் போகும் வேகம் வேறு. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் மானி குறைத்தே காட்டும். 8,000 அடியில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் 79 சதவீதம். அதன் வர்க்கமூலம் 0.89. ஆகவே அங்கே 170 நாட் உண்மை வேகத்தில் போகும் விமானத்தின் மானி வேகம் ஏறக்குறைய 151 நாட்தான். நண்பரின் 180 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இதுவே நெருக்கமான கணக்கு. ஆக 3 அங்குலம் தாராளமாகச் செல்லும். கணக்கை ஒரு தாளில் எழுதிப் பதிவேட்டிலேயே செருகி வைத்தோம். அந்த ஒரு தாள் பிறகு ஒரு கேள்வியை மிச்சப்படுத்தியது.

நான் அப்போதே 12 அங்குலம் வைக்கச் சொன்னேன். காரணம் சட்டம் இல்லை, தூரம். கோபுரத்தில் இருப்பவர், ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர், தாழப் பறந்த விமானத்தைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டியவர், இவர்கள் படிக்கத்தான் இந்த எண். 3 அங்குலத்தைப் படிக்க விமானத்தின் பக்கத்தில் வர வேண்டும். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "எட்டு வருஷம் தேய்த்த தகடு இது, அதன் மேல் லாரி போர்டு எழுதச் சொல்கிறாயா?" என்றார். விமானம் அவருடையது. சரி என்று விட்டுவிட்டேன்.

அளவு முடிவானதும் நிறம். கறுப்பு வினைல் துண்டு ஒன்றை உடலில் ஒட்டி, காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் தள்ளி நின்று பார்த்தோம். காலையில் பளிச்சென்று தெரிந்தது. நண்பகலில் பாலிஷ் தகட்டில் எதிர் ஹேங்கரின் இருண்ட வாசல் விழுந்தது. கறுப்புக்குள் கறுப்பு, எழுத்து அமிழ்ந்துவிட்டது. வெள்ளைத் துண்டை ஒட்டினால் மேகம் வரும்போது அதே கதை. கண்ணாடிக்கு நிலையான நிறம் கிடையாது, ஆகவே எந்த நிற எழுத்தும் அதன்மேல் ஒரு வேளையில்லாவிட்டால் ஒரு வேளை தோற்கும். இது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

ஆகவே மாற்ற வேண்டியது எழுத்தை அல்ல, பின்னணியை. இறக்கையின் பின்விளிம்புக்கும் வால் குறுக்குத்தளத்தின் முன்விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் உடற்பக்க எண் வர வேண்டும். அந்த இடத்தில் இருபுறமும் 5 அங்குல அகலத்துக்கு அடர்நீலப் பட்டை பெயிண்ட் அடித்தோம். அதன்மேல் 3 அங்குல வெள்ளை எழுத்து. எழுத்தின் அகலம் 2 அங்குலம், கோடு அரை அங்குலம், இடைவெளி அரை அங்குலம். 1 மட்டும் அரை அங்குல அகலம். மொத்தம் 13 அங்குல நீளத்தில் அடங்கியது. எக்ஸ் எழுத்தை எடுத்துவிட்டதால் கேனபியின் (காக்பிட்டின் கண்ணாடி மூடி) இருபுறமும் 2 அங்குலத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுத வேண்டி வந்தது.

பத்து நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். அதே இடத்தில் போய் நின்று எண்ணைச் சத்தமாகப் படித்தார். சான்றில் கையெழுத்துப் போட்டார்.

தொடர்ந்து நடந்தது: பஹாமாஸ் பயணம்

முதற்கட்டச் சோதனைப் பறப்பு 40 மணி நேரம், குறையில்லாமல் முடிந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஓராண்டு கழித்து நாங்கள் இருவரும் பஹாமாஸ் போகத் திட்டமிட்டோம். புளோரிடாக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. மயாமியிலிருந்து பிமினி தீவு சுமார் 50 கடல்மைல். ஆனால் நடுவில் அமெரிக்கக் கரையைச் சூழ்ந்த வான் பாதுகாப்பு அடையாள மண்டலம் இருக்கிறது. விமானிகள் சுருக்கமாக ஏடிஸ் என்பார்கள். அதைக் கடக்கும் விமானத்தில், தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ, 12 அங்குல எழுத்து கட்டாயம். 3 அங்குலச் சலுகையும் பழைய விமானங்களுக்கான 2 அங்குலச் சலுகையும் அங்கே செல்லாது. இந்த விதி 1988 மார்ச் 7-லிருந்து நடப்பில் இருக்கிறது. கடல் தாண்டிச் சிறு விமானங்களில் போதைப்பொருள் கடத்துவது அந்தக் கரைக்குப் பெரிய தலைவலியாக இருந்த காலம் அது. பக்கத்தில் வந்து பார்க்கும் ரோந்து விமானி சில நொடிகளில் எண்ணைப் படித்தாக வேண்டும்.

மற்ற ஏற்பாடுகள் எல்லாம் பட்டியல்படி நடந்தன. பயணத் திட்டம், சுங்கத்துறைக்கு இணையத்தில் பயணிகள் விவரம், சுங்கக் கட்டண ஒட்டி, உயிர்காப்பு உடுப்பு, வீட்டில் கட்டிய விமானம் என்பதால் பஹாமாஸ் தரப்பின் தனி அனுமதி. எழுத்தை மட்டும் கடைசி நாள் மாலைக்குத் தள்ளி வைத்தோம்.

12 அங்குல எழுத்துக்கு அகலம் 8, கோடு 2, இடைவெளி 2. எங்கள் எண்ணுக்கு மொத்தம் 52 அங்குலம். 5 அங்குல நீலப் பட்டை போதாது. எழுத்து பட்டையிலும் பாலிஷிலுமாகப் பரவும். ஆகவே வெள்ளை வினைல் பின்னணியில் கறுப்பு எழுத்து அச்சிட்ட தாள்கள் செய்யச் சொல்லியிருந்தோம். ஒரு பக்கத்துக்கு மூன்று தாள், ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து. எளிதில் உரித்தெடுக்கும் பசை. ஒட்டுவதற்கு முன் உடலைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தோம். ஆல்கஹாலால் துடைக்கவில்லை. பாலிஷ் விட்டுவைக்கும் மெல்லிய பிசுக்கு சோப்புக்கு முழுதாகப் போகாது என்று எனக்குத் தெரியும். மணி ஏழாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

இன்னொரு தவறை அப்போது இருவருமே கவனிக்கவில்லை. தாள்கள் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று அரை அங்குலம் ஏறும்படி செய்திருந்தன. இரண்டு பக்கமும் படிக்கும் வரிசையிலேயே ஒட்டினோம்: முதலில் 'என்' எழுத்துள்ள தாள், பிறகு நடுத்தாள், பிறகு கடைசித் தாள். வலப்பக்கம் இது சரியாக அமைந்தது. அங்கே 'என்' எழுத்து வால்புறம் வரும். பின்னால் உள்ளதை முதலில் ஒட்டி முன்னால் உள்ளதை அதன்மேல் ஏற்றினால் ஓட்டுக்கூரை மாதிரி காற்று வழுக்கிப் போகும். இடப்பக்கம் 'என்' எழுத்து மூக்குப்புறம் வரும். அதை முதலில் ஒட்டிவிட்டு நடுத்தாளை அதன்மேல் ஏற்றியதில், நடுத்தாளின் முன்விளிம்பு காற்றை நேருக்கு நேர் பார்த்து நின்றது.

தீவில் பார்த்தது

போகும் வழியில் எதுவும் தெரியவில்லை. காக்பிட்டிலிருந்து உடலின் பின்பக்கம் கண்ணில் படாது. இறங்கியதும் இடப்பக்கம் வந்து பார்த்தபோது நடுத்தாளின் முன்பாதி கிழிந்து போயிருந்தது. நடு எண்ணான 3-ன் இடது பாதி இல்லை. மிஞ்சியது செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் அது 1.

ஒரு எழுத்து காணாமல் போயிருந்தால் பார்ப்பவர் ஏதோ குறை என்று புரிந்துகொள்வார். இங்கே 3 இருந்த இடத்தில் 1 என்று, படிக்கக்கூடிய ஒரு முழு எண் நின்றது. அது வேறு யாருடைய விமானத்தின் எண்ணாகவும் இருக்கலாம். வலப்பக்கம் ஓர் எண், இடப்பக்கம் வேறு எண், இறக்கைக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர்.

கிழிந்த துண்டு எங்கே போனது என்ற கேள்வி அடுத்து வந்தது. வால் குறுக்குத்தளத்தையும் அதன் அசையும் பகுதியையும் இருவரும் கையால் தடவிப் பார்த்தோம். முன்விளிம்பில் பசைக் கோடு ஒன்று இருந்தது, வேறு சேதம் இல்லை. துண்டு கீல் இடுக்கில் சிக்கியிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

மறுநாள் திரும்ப வேண்டும், மாற்றுத் தாள் கையில் இல்லை. அப்படியே பறப்பதா என்று பேசவே இல்லை. சுங்க நேரத்தைத் தள்ளி வைக்கத் தொலைபேசியில் சொன்னோம். படகுத்துறைக் கடையில் அலமாரிக்கு ஒட்டும் வெள்ளைத் தாளும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் கிடைத்தன. இந்தத் தடவை ஆல்கஹாலும் வாங்கினோம்.

பழைய நடுத்தாளை முழுதாக உரித்தோம். கடையிலிருந்து வாங்கிய தாளை, அதன் முன்விளிம்பு 'என்' எழுத்துள்ள தாளுக்கு அடியில் போகும்படி செருகி ஒட்டினோம். டேப்பின் அகலம் 19 மில்லிமீட்டர். 2 அங்குலக் கோடு என்பது 51 மில்லிமீட்டர். மூன்று டேப்பை விளிம்பு சற்று ஏறும்படி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அளவு சரியாக வரும். 3-ஐ வளைத்து எழுத முடியாது. மூன்று படுக்கைக் கோடு, வலப்புறம் ஒரு நெட்டைக் கோடு என்று சதுரமாகக் கட்டினோம். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் ஏறக்குறைய 9 அடி டேப். அடுத்த எண்ணையும் அதே தாளில் கட்ட வேண்டியிருந்தது. நல்ல வேளையாக அது 1. லேத்தில் வேலை பார்த்தவர் கை. பிளேடால் ஓரம் வெட்டியபோது ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகவில்லை. எல்லாத் தாள்களின் முன்விளிம்பிலும் நெட்டுக்கு ஒரு டேப் போட்டு அழுத்தினோம். வேலை முடிய மூன்று மணி நேரம்.

திரும்பும் வழியில் வேகத்தைக் குறைத்து வந்தோம். சுங்கத் தளத்தில் அதிகாரி விமானத்தைச் சுற்றி வந்து, டேப்பால் கட்டிய எண்ணுக்கு முன் ஒரு கணம் நின்றார். காகிதத்திலிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

என்ன மாற்றுவோம்

தாளை ஒட்டிய விதத்தில் செய்த தவறுகள் எளிதானவை. ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். வால்புறத்திலிருந்து மூக்குப்புறம் நோக்கி ஒட்ட வேண்டும், இரண்டு பக்கமும் அப்படித்தான். தாளை ஒட்டி ஓர் இரவு விட வேண்டும், அதன்பின் உள்ளூரிலேயே அரை மணி நேரம் பறந்து பார்க்க வேண்டும். மாற்று எழுத்து ஒரு தொகுதி சாமான் அறையில் இருக்க வேண்டும். எங்கள் தளத்தில் இப்போது கடல் தாண்டுபவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள்.

அதற்கு முந்திய தவறுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பதிவெண்ணை நாங்கள் கடைசியில் ஒட்டும் அலங்காரமாக நினைத்தோம். எண்ணின் நீளம், உடலில் அதற்கான இடம், பின்னணி நிறம், விமானம் எங்கெல்லாம் போகப் போகிறது, இவை நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பஹாமாஸ் போக வேண்டும் என்பது நண்பரின் கனவாக முதல் ரிவெட்டுக்கு முன்பே இருந்தது. அப்போதே இதை யோசித்திருந்தால் பின் உடலுக்குப் பெயிண்ட், அதில் 12 அங்குலம் என்று ஒரே தடவையில் முடிந்திருக்கும். குட்டையான எண்ணையும் முன்பதிவு செய்திருக்கலாம். என்-க்குப் பிறகு மூன்றே குறிகள் என்றால் 38 அங்குலம் போதும். எங்களுக்கு 52 தேவைப்பட்டது. விமானம் பதிவான பிறகு எண்ணை மாற்றினால் காகிதங்களோடு வேலை முடியாது. விமானம் வானொலியில் அனுப்பும் அடையாளக் குறியீடும் அமெரிக்காவில் பதிவெண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது. எண் மாறினால் அதையும் மாற்ற வேண்டும்.

அடுத்தவர் விமானத்தைப் பார்த்து எழுதியது இன்னொரு பாடம். ஒரே வரிசை ஹேங்கரில் நிற்கும் இரண்டு விமானங்களுக்கு இரண்டு விதி பொருந்தலாம். கடைசி ஹேங்கர்க்காரர் செய்தது சரிதான், அது அவருக்குச் சரி.

நான் நண்பரிடம் கொஞ்சம் கடுமையாக வாதாடியிருக்க வேண்டுமா என்று யோசித்ததுண்டு. சட்டம் அனுமதித்த அளவைத்தான் அவர் வைத்தார். அதில் நான் தலையிடுவது முறையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று மாலை ஏழு மணிக்கு ஆல்கஹாலைத் தேடிப் போகாததற்கு அந்தச் சமாதானம் செல்லாது.

அடுத்த ஆண்டுச் சோதனையின்போது நண்பர் பின் உடலின் இரு பக்கமும் வெள்ளை பெயிண்ட் அடித்து, 12 அங்குலத்தில் கறுப்பாக எண்ணை எழுதிவிட்டார். முன்பாதி இன்னும் பாலிஷ்தான். அதற்குப் பிறகு இரண்டு முறை தீவுக்குப் போய்வந்தோம், எழுத்தைப் பற்றிய பேச்சே வரவில்லை. 2031-ல் ஆர்வி-7-க்கே முப்பது வயதாகிறது. அப்போது இரண்டு அங்குலத்தில் என்எக்ஸ் போடத் தனக்கு முழு உரிமை உண்டு என்று அவர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்டுதான். ஏடிஸைக் கடக்க அன்றைக்கும் 12 அங்குலம் வேண்டியிருக்கும் என்று நான் சொன்னால், வெள்ளை பெயிண்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்.